குடத்து ஓலையும் கைப்பேசித் திரையும்

நுழையும்முன்

தேர்தல் என்பது வாக்களிக்கும் நாளில் மட்டும் நடப்பதன்று. யாருக்கு வாக்களிப்பது என்று மக்கள் கேட்டும் பேசியும் முடிவுசெய்யும் நாள்களும் அதன் பகுதியே. அந்தப் பேச்சு இன்று பெருமளவு இணையத்திற்கு இடம்பெயர்ந்துள்ளது. இம்மாற்றத்தைக் காஞ்சி மண்ணிலிருந்து நோக்குகிறது இப்பாடம்.

ஊரார் முன்னிலையில்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த குடவோலை முறையை நுணுக்கமாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறியோரும் முதியோரும் கூடிய சபையின் நடுவே, நம்பிமாருள் மூத்தவர் ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திப் பிடித்தார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களும் விரியத் தம் உள்ளங்கையில் அதனை ஏற்று வாசித்தார். பின்னர் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதையே வாசித்தனர். ஓலையை ஒளிக்கவோ மாற்றவோ இடந்தராத ஏற்பாடு இது.

இதனை இன்றைய மக்களாட்சிக்கு நிகராகப் புகழ்வோர் உண்டு. அது மிகை. அந்தணர் சபை ஒன்றின் நடைமுறை அது. சொந்த நிலமும் மனையும் உடையோர்க்கே குடத்தில் இடம் கிடைத்தது. நடந்ததும் வாக்கெடுப்பன்று, சீட்டெடுப்பே. ஆயினும் அவையிலிருந்த அனைவரும் ஒரே நிகழ்வை ஒருங்கே கண்டனர்; ஒரே பெயரை ஒருங்கே கேட்டனர்.

மேடையின் காலம்

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஒருங்கு கேட்டலை மேடை வளர்த்தது. காஞ்சியில் பிறந்த பேரறிஞர் அண்ணா 1942இல் இவ்வூரிலிருந்தே 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். எழுத்தாலும் நாடகத்தாலும் மேடைப் பேச்சாலும் அவர் அரசியலை எளிய மக்களிடம் கொண்டுசேர்த்தார். அத்தகைய சொல்லாற்றல் படைத்தவரே 1962ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரம் தொகுதியில் தோற்றார்; அவரது கட்சியோ அதே தேர்தலில் சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பெற்றது. மேடையில் பேசப்பட்டதை ஆதரவாளரும் கேட்டனர். எதிர்ப்பாளரும் தெருவோரம் நின்று கேட்டனர். இன்று ஒருவர் கூறியதற்கு நாளை மற்றொருவர் அதே தெருமுனையில் மறுமொழி கூறலாம். பொய்யும் வசையும் அன்றும் இருந்தன. ஆனால், அவை எல்லார் காதிலும் விழுந்தன.

தறியருகே வந்த தேர்தல்

கைப்பேசிகள் உற்பத்தியாகும் திருப்பெரும்புதூரும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. கோர்வைப் பட்டுப்புடவை நெய்யும் தறியில் இருவர் அமர்வதுண்டு. ஒருவர் உடலை நெய்ய, மற்றவர் கரைக்குரிய நாடாவைத் தள்ளித் துணைபுரிவார். ஒரே புடவையில் உழைக்கும் அவ்விருவரும் ஓய்வு நேரத்தில் தத்தம் கைப்பேசியைத் திறந்தால், ஒரே வேட்பாளரைப் பற்றி இருவேறு செய்திகள் அவர்களை வந்தடையக்கூடும். ஒருவருக்கு நெசவாளர் நலன் பற்றிய வாக்குறுதி; மற்றவருக்குச் சாதி உணர்வைத் தூண்டும் காணொலி. ஒருவர் கண்டதை மற்றவர் அறியார். எனவே மறுக்கவும் இயலாது.

இது வெறும் கற்பனையன்று. ஏறத்தாழ 8 கோடியே 70 லட்சம் முகநூல் பயனாளர்களின் தரவுகள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்திற்கு முறையற்ற வழியில் சென்றிருக்கலாம் என்பது 2018இல் வெளிப்பட்டது. வாக்காளரின் இயல்பறிந்து, அவரவர்க்கு ஏற்ற பரப்புரையை அனுப்புவதே அந்நிறுவனத்தின் தொழிலாக இருந்தது.

இணையத்தால் விளைந்த நன்மையும் சிறிதன்று. வேட்பாளரின் சொத்து, கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவற்றைக் கூறும் உறுதிமொழிப் பத்திரத்தை எவரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் பணப்பட்டுவாடாவைப் படமெடுத்து அனுப்பினால் 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். பொருள்வளம் இல்லாத வேட்பாளரும் தம் குரலைத் தொகுதி முழுதும் கேட்கச் செய்யலாம்.

குரலும் உருவமும்

2018இல் மறைந்த முன்னாள் முதலமைச்சர் மு. கருணாநிதி, 2024 சனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். அது செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய தோற்றம். அவையினர் அதனை அறிந்தே கண்டனர்; ஆகவே ஏமாற்றம் இல்லை. அதே நுட்பத்தால் உயிருடன் உள்ள ஒருவர் கூறாததைக் கூறுவதுபோல் காணொலி செய்து, தனித்தனிக் கைப்பேசிகளுக்கு அனுப்பினால் நிலைமை வேறு. அருகிலிருந்து 'இது செய்யப்பட்டது' என்று சொல்வதற்கு அங்கே அவை இல்லை.

விதிகளும் இடைவெளிகளும்

வேட்பாளர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளைத் தெரிவிக்க வேண்டும், இணைய விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும், அச்செலவையும் கணக்கில் காட்ட வேண்டும் எனத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபரில் ஆணையிட்டது. போலிக் காணொலிகள் தம் கவனத்திற்கு வந்த 3 மணி நேரத்திற்குள் அவற்றைத் தம் கணக்குகளிலிருந்து நீக்குமாறு 2024 மே மாதத்தில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பரப்புரை ஓய வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. அந்நேரம் வந்ததும் காஞ்சியின் தெருக்களில் ஒலிபெருக்கிகள் அடங்கிவிடுகின்றன. நண்பர் குழுக்களிலும் உறவினர் குழுக்களிலும் முன்பே பகிரப்பட்ட காணொலிகள் கைமாறிக்கொண்டேயிருக்கின்றன. அக்குழுக்களுக்குள் வந்ததைக் கண்டவர் எவரேனும் புகார் அளித்தாலன்றி, அந்த 3 மணி நேரக் கணக்கு தொடங்குவதே இல்லை.