சுவருக்குள் கசியும் நீரும் வீட்டு இன்ஷூரன்ஸும்
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

ஆண்டிபட்டி வட்டாரத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற கார்த்திகையில் போயிருந்தேன். நூல் இருப்புப் பதிவேட்டில் ஓர் அங்கத்தினர் பேரில் ரூ. 18,000 மதிப்புள்ள பாவும் நூல் சிட்டங்களும் நிலுவையாக நின்றன. காரணம் கேட்டபோது அவர் என்னைத் தம் வீட்டிற்கே அழைத்துச் சென்றார். குழித்தறியின் குழியில் முழங்கால் அளவுக்கு ஈரம் ஏறிய அடையாளம் இருந்தது. மூலையில் அடுக்கியிருந்த சிட்டங்கள் பூசணம் பிடித்துக் கறுத்திருந்தன. சுவரின் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது.

ஆவணி மாதத்திலேயே குழியில் ஓதம் கண்டதாம். மழைக்காலம் நெருங்குகிறது, ஓதம் சகஜந்தானே என்று இருந்துவிட்டார். ஐப்பசி முடிவில் சுவரை உடைத்துப் பார்த்தபோது உள்ளே பதித்திருந்த தண்ணீர்க் குழாய் விரிந்திருந்தது தெரிந்தது. வீட்டிற்கு இன்ஷூரன்ஸ் இருந்தபடியால் சுவருக்கும் தரைக்குமாக ரூ. 62,000, நூலுக்கு ரூ. 18,000 என நஷ்டஈடு கோரி எழுதினார். "இது குழாய் வெடித்ததால் நேர்ந்த நஷ்டமன்று, நாட்பட்ட கசிவு" என்று கம்பெனி மறுத்துவிட்டது. உடைந்த குழாய்த் துண்டோ அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

"ஐயா, ஒரு தவணை கூடத் தவறாமல் பணம் கட்டினேனே, எனக்கு ஏன் இல்லை?" என்று அவர் கேட்டார். அன்று என்னிடம் தக்க விடை இல்லை. அதன் பின்னர் படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை அங்கத்தினர் அனைவருக்கும் பயன்படுமாறு இங்கே எழுதுகிறேன்.

1. பாலிசி என்ன சொல்கிறது?

வீடுகளுக்கென்று "பாரத் கிருஹ ரக்ஷா" என்னும் ஒரே மாதிரியான பாலிசியை இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. அது 1.4.2021 முதல் நடைமுறைக்கு வந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு முதலிய ஆபத்துகளை அது வரிசையாகக் குறிப்பிடுகிறது. அவ்வரிசையில் "தண்ணீர்த் தொட்டிகள், சாதனங்கள், குழாய்கள் ஆகியவை வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல்" என்பதும் ஒன்று.

இங்கே அங்கத்தினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய பாலிசி "எல்லா நஷ்டத்திற்கும் ஈடு" என்று சொல்வதில்லை. பெயர் குறித்த ஆபத்துகளுக்கு மட்டுமே ஈடு தருகிறது. "வெடித்தல்", "வழிதல்" என்ற சொற்கள் அதில் உள்ளன. "கசிதல்" என்ற சொல் தானியங்கித் தீயணைப்பு நீர்த்தெளிப்பான்களைப் பற்றிய இடத்தில்தான் வருகிறது. சுவருக்குள் பதித்த வீட்டுக் குழாயின் கசிவைப் பற்றி எழும் வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே எழுகின்றன.

குழாய் நீரின் அழுத்தத்தால் விரிந்து பிளந்ததா? அப்படியானால் அது வெடிப்பு என்று வாதிக்க இடமுண்டு. இணைப்பில் பசை விட்டுச் சொட்டுச் சொட்டாக இறங்கியதா? அப்படியானால் அது தேய்மானம், வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பராமரிப்பு என்று கம்பெனி சொல்லும். கூரை வழியே இறங்கிய மழைநீரானால் அது குழாய் விஷயமே அன்று. புயலாலோ வெள்ளத்தாலோ நேர்ந்ததெனக் காட்டினாலன்றி அதற்கு ஈடு கிடைப்பது அரிது.

2. நீதிமன்றங்கள் கூறியவை

சொற்களுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்று சிலர் வியக்கலாம். ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் அளித்த தீர்ப்பைப் பாருங்கள். ஒருவரது கிடங்கிலிருந்து சரக்கு களவு போயிற்று. பாலிசியோ பலாத்காரமாக உடைத்து நுழைந்து திருடுவதற்கு மட்டுமே ஈடு தந்தது. உடைத்த அடையாளம் இல்லாததால், களவு உண்மையாயினும் ஈடு இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை அப்படியே பொருள் கொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆயினும் அங்கத்தினர் பக்கமும் சட்டம் உண்டு. பாலிசியின் வாசகம் இரு பொருள்படுமாயின், அதை எழுதிய கம்பெனிக்குப் பாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பது சந்த்மல் ஜெயின் வழக்கில் (1966) கூறப்பட்ட நெறி. சர்வேயரின் அறிக்கை முக்கியமானதே, ஆனால் அதுவே முடிவான வேதவாக்கு அன்று என்று பிரதீப் குமார் வழக்கில் (2009) கூறப்பட்டது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பின்னர் வழக்கில் கிளப்பலாகாது என்பது சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கின் (2019) தீர்ப்பு. ஆகையால் மறுப்பு வாய்மொழியாக வந்தால் ஏற்காதீர்கள். காரணத்துடன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வழக்கு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒருவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குச் செல்லும் நீர்க்குழாய் கண்ணுக்குத் தெரியாமல் பல வாரங்கள் கசிந்தது. 14 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து கசிவதால் வரும் நஷ்டத்திற்கு ஈடில்லை என்பது அவரது பாலிசியின் நிபந்தனை. கம்பெனி முழுவதையும் மறுத்தது. அங்குள்ள அப்பீல் நீதிமன்றம் 2018-ல் அளித்த தீர்ப்பில், அந்த நிபந்தனை முதல் 13 நாட்களில் நேர்ந்த நஷ்டத்தை விலக்கவில்லை என்று கூறியது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. எனினும் கசிவு என்று தொடங்கியது, எந்த நாளில் எவ்வளவு கெட்டது என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பதன் பயனை அது காட்டுகிறது.

3. கசிவை முன்னரே அறியும் வழி

ஆதாரம் தேடுவதைவிடக் கசிவை விரைவில் கண்டுபிடிப்பது மேல். அதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு படுக்கப்போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கரிக்கோட்டால் குறியிடுங்கள். காலையில் மோட்டார் போடுமுன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. தொட்டியின் அடிப்பரப்பு ஒரு சதுர மீட்டரானால், ஒரு சென்டிமீட்டர் இறக்கம் 10 லிட்டர் நீருக்குச் சமம்.

மறுநாள் இரவு தொட்டியின் அடியிலுள்ள வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது மட்டம் இறங்காவிட்டால் தொட்டி நலமாயுள்ளது; குழாய்த் தடத்தில்தான் பழுது. வால்வை மூடியும் இறங்கினால் தொட்டியையோ வால்வையோ பார்க்க வேண்டும்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தோன்றும். நாள் ஒன்றுக்கு அது ஏறக்குறைய 4 லிட்டர். மாதத்திற்கு 120 லிட்டருக்கு மேல். அத்தனையும் அஸ்திவாரத்திலும் தறிக்குழியிலும்தான் இறங்குகிறது.

ஓதத்தின் காலத்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தோன்றித் தை, மாசியில் உலர்ந்துவிடும் ஓதம் பெரும்பாலும் மழையால் வருவது. சித்திரை வெயிலிலும் உலராத ஓதம் இருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் வாய்க்காலையும் நெல்வயலையும் ஒட்டிய வீடுகளில் நிலத்தடி ஈரமும் சேர்வதால் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

4. நஷ்டம் நேர்ந்தால் செய்ய வேண்டியவை

முதலாவது, நீரை நிறுத்திப் பொருள்களை அப்புறப்படுத்துங்கள். நஷ்டம் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை.

இரண்டாவது, தாமதமின்றிக் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தகுந்த காரணமுள்ள தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுத்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் ஓம் பிரகாஷ் வழக்கில் கூறியுள்ளது. அதை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

மூன்றாவது, சுவரை உடைக்குமுன்னும், உடைக்கும்போதும், உடைத்த பின்னும் தேதி தெரியப் படம் எடுங்கள்.

நான்காவது, வெட்டியெடுத்த குழாய்த் துண்டை எக்காரணத்தாலும் எறியாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை அங்குலம், எவ்வாறு பிளந்திருந்தது என்று பிளம்பரிடம் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள்.

ஐந்தாவது, சர்வேயர் பார்வையிடும்வரை பாழான பொருள்களை அப்படியே வைத்திருங்கள்.

கம்பம் அருகே திராட்சை பயிரிடும் அங்கத்தினர் ஒருவருக்கும் இதே போன்ற நஷ்டம் நேர்ந்தது. அவர் ஓர் அடி நீளம் பிளந்திருந்த குழாயைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். கம்பெனி முதலில் மறுத்தது. துண்டின் படத்தையும் பிளம்பரின் எழுத்தையும் சேர்த்து அவர் மேல்முறையிட்டார். சுவருக்கும் தரைக்கும் உரிய தொகை கிடைத்தது. பழைய குழாய்த்தடம் முழுவதையும் மாற்றிய செலவு கிடைக்கவில்லை. அதை அவர் வற்புறுத்தவும் இல்லை.

5. முறையிடும் இடங்கள்

முதற்படி, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்து மூலம் முறையிடுவது. ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மனை அணுகலாம். தமிழ்நாட்டிற்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ரூ. 50 லட்சம் வரையுள்ள கோரிக்கைகளை அங்கே விசாரிக்கலாம். மறுப்பு வந்த ஓராண்டிற்குள் மனு செய்ய வேண்டும். ஓம்பட்ஸ்மனின் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

மற்றொரு வழி, தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டாண்டிற்குள் மனு செய்ய வேண்டும். அங்கே வழக்கு நிலுவையிலிருந்தால் அதே விஷயத்தை ஓம்பட்ஸ்மன் ஏற்கமாட்டார். ஆகவே எந்த வழி என்பதை முன்னரே தீர்மானியுங்கள்.

6. சங்கத்தின் நூல் யாருடைய பொறுப்பு?

இனி, அந்த நெசவாளரின் ரூ. 18,000 விஷயத்திற்கு வருவோம். வீட்டுப் பாலிசியில் கட்டடத்திற்கு இன்ஷூர் செய்தால், அதன் தொகையில் நூற்றுக்கு 20 வீதம், ரூ. 10 லட்சத்திற்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. கட்டடம் ரூ. 12 லட்சமானால் சாமான்களுக்கு ரூ. 2,40,000. ஆனால் அது குடும்ப உபயோகத்திற்கான சாமான்களுக்கே உரியது. சங்கம் நெய்யக் கொடுத்த நூல் வீட்டுச் சாமானன்று. அது சங்கத்தின் சரக்கு. விற்பனைக்காக வீட்டில் சேமித்த ஏலக்காய், நெல் ஆகியவற்றிற்கும் இதே நியாயந்தான்.

எனவே குழாய்த் துண்டு கிடைத்திருந்தாலும் அவருக்கு நூலின் மதிப்பு வந்திராது. பின் அந்த நஷ்டம் யாருக்கு? கூலியில் பிடித்தம் செய்ய வேண்டும் என்றனர் நிர்வாகக் குழுவில் சிலர். சங்கத்தின் சொத்தைச் சங்கந்தானே பாதுகாத்திருக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். இரு சாராரின் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஓதம் கண்ட அன்றே நூலை அப்புறப்படுத்தாதது அவருடைய பிழை. அங்கத்தினர் வீடுகளில் கிடக்கும் சரக்குக்குப் பாதுகாப்புத் தேடாதது சங்கத்தின் பிழை. பல ஆண்டுகளாகப் பதிவேட்டைப் பார்வையிட்டு வந்தும் அதைச் சுட்டிக்காட்டாதது என் போன்றோரின் பிழை. முடிவில் பாதித் தொகையைச் சங்கம் ஏற்பது, மீதியைச் சிறு தவணைகளாகக் கூலியில் கழிப்பது என்று தீர்மானமாயிற்று.

அத்துடன் மற்றொரு தீர்மானமும் நிறைவேறியது. சிறு தொழில்களுக்கென 1.4.2021 முதல் நடப்பிலுள்ள "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா" போன்ற பாலிசியில், கிடங்கிலுள்ள சரக்கோடு அங்கத்தினர் வீடுகளிலுள்ள நூலையும் இடம் குறித்துச் சேர்க்க இயலுமா என்று கம்பெனிகளிடம் எழுதிக் கேட்பது என்பதே அது. மற்றச் சங்கங்களும் இதனைப் பின்பற்றலாம். வீட்டில் தறி இருப்பதை அங்கத்தினர்கள் தங்கள் சொந்த மனுவிலும் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் பின்னர் அதுவே மறுப்பிற்குக் காரணமாகிவிடும்.

வீடு கட்டக் கடன் வாங்கியவர்களில் பலர் கடனோடு சேர்த்து எடுக்கப்பட்ட பாலிசியைக் கண்ணாலும் கண்டதில்லை. கடன் கொடுத்த இடத்தில் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்க இயலாதவர்களுக்குச் சங்கச் செயலாளர் படித்துச் சொல்லட்டும். சங்கம் இருப்பது நூலும் உரமும் கொடுப்பதற்கு மட்டுமன்று.

கலந்தாலோசனைக்குரிய வினாக்கள்

1. நம் சங்க அங்கத்தினர்களில் எத்தனை பேருக்கு வீட்டு இன்ஷூரன்ஸ் உண்டு? அவர்களில் பாலிசியைப் படித்தவர் எத்தனை பேர்?

2. அங்கத்தினர் வீடுகளில் இன்று இருக்கும் சங்கச் சரக்கின் மொத்த மதிப்பு என்ன? அதற்குப் பாதுகாப்பு உண்டா?

3. சரக்கு பாழானால் நஷ்டத்தை யார், எந்த விகிதத்தில் ஏற்பது என்பதற்குச் சங்கத்தில் விதி உண்டா? இல்லையெனில், நஷ்டம் நேருமுன் அடுத்த பொதுக்குழுவிலேயே அதை வகுத்துக்கொள்வது நன்றல்லவா?