டிராக்கர் காட்டும் லாபம் வேற, வரிச் சட்டம் பார்க்கும் லாபம் வேற: போக்கர் ஆடியவர்களுக்கான ஐடிஆர் கணக்கு

உங்க போக்கர் டிராக்கர் இந்த வருஷம் 50,000 ரூபாய் லாபம்னு காட்டுது. அதே வருஷத்துக்கு உங்க வருமானம் 2,00,000 ரூபாய்னு வரிச் சட்டம் சொல்லுது. ரெண்டுமே சரியான கணக்குதான். ஆனா வரி கட்ட வேண்டியது ரெண்டாவது எண்ணுக்கு.

எப்படின்னு பார்ப்போம். 2025-26 நிதியாண்டில் நீங்க ரெண்டு ஆப்பில் ஆடினீங்கன்னு வச்சுக்கோங்க. முதல் ஆப்பில் 1,00,000 போட்டு 3,00,000 எடுத்தீங்க. ரெண்டாவது ஆப்பில் 1,50,000 போட்டு மொத்தமும் போச்சு. டிராக்கர் ரெண்டையும் கூட்டிக் கழிச்சு 50,000 லாபம்னு பச்சைக் கோடு போட்டுக் காட்டும். ஆட்டத்தை மேம்படுத்த ஒரு சால்வர் சந்தா, டிராக்கர் லைசென்ஸ், ஒரு ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் சேர்த்து 25,000 செலவு. கையில் நிக்கிறது 25,000.

இப்போ வரி. முதல் ஆப்பில் நிகர வெற்றி 2,00,000. அதுக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். 62,400 ரூபாய். கையில் நின்ன 25,000-ஐ முழுசாக் கொடுத்தாலும் இன்னும் 37,400 சம்பளத்திலிருந்து போகணும். வருஷம் முழுக்க நல்லா ஆடி "ஜெயிச்ச" ஒருத்தரோட உண்மையான கணக்கு இது.

ஏன் இப்படி? வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் 115பிபிஜே-ன்னு ஒரு பிரிவு வந்தது. ஆன்லைன் விளையாட்டில் வரும் நிகர வெற்றிக்கு நேரா 30 சதவீதம். அந்த நிகர வெற்றியை எப்படிக் கணக்கிடணும்னு விதி 133 சொல்லுது. அந்த வருஷம் ஆப்பிலிருந்து எடுத்த மொத்தப் பணம், அதோட மார்ச் 31 அன்று வாலட்டில் இருக்கும் பாக்கி, ரெண்டையும் கூட்டுங்க. அதிலிருந்து நீங்க உங்க கையிலிருந்து போட்ட பணத்தையும், ஏப்ரல் 1 அன்று இருந்த பாக்கியையும் கழிங்க. அவ்வளவுதான். இந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி. ஒரே நிறுவனத்தில் உங்களுக்கு ரெண்டு கணக்கு இருந்தா சேர்த்துப் பார்க்கலாம். வேற நிறுவனத்தில் விட்ட நஷ்டத்தைக் கொண்டு வந்து இதில் கழிக்க வழி இல்லை. அடுத்த வருஷத்துக்கு எடுத்துட்டுப் போகவும் முடியாது.

ஒரே ஆப்புக்குள் ஆடித் தோத்தது தானாவே கழிஞ்சிடும், ஏன்னா வாலட்டில் பாக்கி குறைஞ்சிடுது. ஆப்காரங்க ஒவ்வொரு பாட்டிலும் எடுக்கும் ரேக்கும் அப்படியே. ஆனா வெல்கம் போனஸ், ரெஃபரல் போனஸ், ரேக்பேக் எல்லாம் நீங்க போட்ட பணம் ஆகாது. அதை வச்சு ஆடி எடுத்தா அதுவும் வெற்றிக் கணக்கில்தான் சேரும். ஆடுறதுக்கு மட்டும் பயன்படுற, வெளியே எடுக்கவே முடியாத போனஸ் காயின்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

சரி, சாஃப்ட்வேர் செலவுக்கு வருவோம். போக்கர்டிராக்கர், ஹோல்டெம் மேனேஜர், பயோசால்வர், ஜிடிஓ விசார்டு, எதுக்குக் கொடுத்த பணமா இருந்தாலும் கழிக்க முடியாது. சீட்டாட்டம் உள்ளிட்ட எந்த விளையாட்டு வெற்றிக்கும் எந்தச் செலவையும் கழிக்கக் கூடாதுன்னு பிரிவு 58(4) தெளிவாச் சொல்லுது. லேப்டாப், ரெண்டாவது மானிட்டர், இன்டர்நெட் பில், எதுவும் கிடையாது.

இதில் பலர் குழம்புறதுக்குக் காரணம் அமெரிக்க யூடியூபர்கள். அங்கே போக்கரையே தொழிலா வச்சிருக்கிறவர் சாஃப்ட்வேர், பயணம் எல்லாத்தையும் தொழில் செலவாக் காட்டலாம். அவங்களுக்கும் 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கழிக்கலாம்னு கட்டுப்பாடு வந்திருக்கு. பிரிட்டனில் ஆட்டக்காரருக்கு வெற்றி மேல் வரியே கிடையாது. அந்த வீடியோவைப் பார்த்துட்டு இங்கே ஐடிஆர் போடாதீங்க. "நான் புரொஃபஷனல், 44ஏடிஏ-வில் பாதி வருமானம் காட்டிக்கிறேன்"னு சொல்றதும் செல்லாது. அந்தப் பிரிவு டாக்டர், வக்கீல், இன்ஜினியர் மாதிரி குறிப்பிட்ட தொழில்களுக்கு. போக்கர் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொரு தப்புக் கணக்கு, 12 லட்சம் வரை வரி இல்லைங்கிறது. உங்க சம்பளம் 11 லட்சம், புதிய முறை. சம்பளத்துக்கு வரி பூஜ்யம். சரி. ஆனா போக்கரில் 60,000 நிகர வெற்றி இருந்தா, அதுக்கு மட்டும் 18,720 வரி உண்டு. 87ஏ தள்ளுபடி இந்தச் சிறப்பு விகித வரியைத் தொடாது. அடிப்படை வரம்பும் உதவாது. சம்பளமே இல்லாத காலேஜ் பையன் ஜெயிச்சாலும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம்தான்.

இதெல்லாம் கெட்ட செய்தி. நல்ல செய்தியும் ஒண்ணு இருக்கு, நிறைய பேர் அதை விட்டுடுறாங்க. ஏப்ரலில் 20,000 போட்டு 1,20,000 எடுத்தீங்க. 1,00,000 நிகர வெற்றின்னு 194பிஏ பிரிவில் அப்பவே 30,000 டிடிஎஸ் பிடிச்சாச்சு. அப்புறம் ஜூலைக்குள் அதே ஆப்பில் இன்னும் 70,000 போட்டு விட்டுட்டீங்க. வருஷக் கணக்குப்படி உங்க நிகர வெற்றி 1,20,000-லிருந்து 90,000 கழிச்சு வெறும் 30,000. அதுக்கு வரி 9,360. வேற வரி பாக்கி இல்லைன்னா 20,640 ரூபாய் ரீஃபண்ட் வரணும். தோத்த வெறுப்பில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காம, ஃபார்ம் 16-ஐ மட்டும் வச்சு ரிட்டர்ன் போட்டா இந்தப் பணம் போனதுதான்.

ஃபார்ம் 16-ல போக்கர் வருமானம் வராது. ஆனா ஏஐஎஸ்-ல வரும், 26ஏஎஸ்-ல டிடிஎஸ்-ஸும் வரும். டிடிஎஸ் பிடிச்சதோட வரி முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஆப் பிடிக்கிறது 30 சதவீதம், நீங்க கட்ட வேண்டியது 31.2. அந்த 1.2 சதவீதத்தை நீங்கதான் கட்டணும். ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 தான். இதர வருமான அட்டவணையில் 115பிபிஜே-க்குத் தனி வரிசை இருக்கு. மறைச்சுப் பிடிபட்டா, குறைத்துக் காட்டியதா எடுத்துக்கிட்டா வரியில் 50 சதவீதம் அபராதம், தவறாகக் காட்டியதா எடுத்துக்கிட்டா 200 சதவீதம்.

"இப்போதான் தடை பண்ணிட்டாங்களே, இதெல்லாம் எதுக்கு?" நியாயமான கேள்வி. பணம் வச்சு ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைச்சது. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தி, வாலட் பாக்கியை எடுத்துக்கச் சொன்னாங்க. அப்படி எடுத்ததும், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆடினதும் 2025-26 வருமானம்தான். தடை வந்ததால் பழைய வரி மறையாது. வருமானம் சட்டப்படி வந்ததா இல்லையான்னு வரிச் சட்டம் பார்க்குறதும் இல்லை.

அதனால்தான், விபிஎன் போட்டு வெளிநாட்டுத் தளங்களில் தொடர்ந்து ஆடுறவங்களுக்குச் சிக்கல் இன்னும் அதிகம். இந்தியாவில் வசிக்கிறவருக்கு உலகத்தில் எங்கே சம்பாதிச்சாலும் இங்கே வரி. அங்கே டிடிஎஸ் பிடிக்க ஆள் இல்லாததால் மொத்த வரியையும் நீங்களே கட்டணும். யுஎஸ்டிடி வழியாப் பணம் போய் வந்தா கிரிப்டோ லாபத்துக்குத் தனியா 30 சதவீதம், அதுக்குத் தனி அட்டவணை. முகம் தெரியாதவர்கிட்ட பி2பி-யில் வாங்கி விற்கும்போது, அவர் அனுப்பினது மோசடிப் பணமா இருந்தா உங்க சம்பளக் கணக்கே முடங்கலாம். வீட்டு வாடகை, இஎம்ஐ போகும் கணக்கு அது. என் கருத்து, எந்த சால்வரும் இந்த ரிஸ்க்குக்கு விடை சொல்லாது. விட்டுடுங்க.

கடைசியா ஒரு வேலை, இதை மட்டும் இந்த வாரமே முடிச்சிடுங்க. ஆடின ஒவ்வொரு ஆப்பிலும் லாகின் பண்ணி, 2025 ஏப்ரல் 1 முதலான டெபாசிட், வித்டிராயல் பட்டியலையும், டிடிஎஸ் சான்றிதழான ஃபார்ம் 16ஏ-வையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. லாகின் வேலை செய்யலைன்னா வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போடுங்க, அந்த மெயிலையும் சேமிங்க. அதுவும் கிடைக்கலைன்னா உங்க பேங்க் ஸ்டேட்மென்ட், யுபிஐ ஹிஸ்டரியிலிருந்து ஒரு எக்ஸெல் ஷீட் போடுங்க. ஆப் பெயர், தேதி, போட்டது, எடுத்தது, டிடிஎஸ், அஞ்சு காலம் போதும். டிராக்கரோட லாபக் கோடு இதுக்கு உதவாது.