லே ஏறும் பழைய புல்லட்டுக்கு

மணாலி–லே சாலையில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் போகத் துடிக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். எல்லைக் காவலுக்கென்று ராணுவம் வாங்கிய வண்டி இது, 1955-லிருந்து சென்னையில் உருவானது. மலை அதற்குப் புதிதல்ல.

1. ஊரிலேயே மலைக்கு டியூன் செய்யாதீர்கள். ஊரில் வண்டி ஊருக்குச் சரியாக ஓடட்டும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டேப்பெட்டை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பாருங்கள். புஷ்ராடு விரலுக்குச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

2. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதிதான். காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் குறையாது. பிளக்கில் கரி பிடிக்கும், புகை கறுக்கும், இழுவை போகும். எல்லாம் சரியாக இருந்தாலும் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி போகத்தான் செய்யும். எந்த மெக்கானிக்காலும் அதைத் திருப்பித் தர முடியாது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலும் மேலும் திருகுகிறவர்கள்தான் எஞ்சினைக் கெடுக்கிறார்கள்.

3. பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே கை வையுங்கள். வெளிர்பழுப்பு என்றால் நல்லது. கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை, உடனே கவனியுங்கள்.

4. முதலில் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே எடுங்கள். போதாவிட்டால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றுங்கள், ஊசி இறங்கும். அதற்கும் அடங்காவிட்டால்தான் சின்ன மெயின் ஜெட். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

5. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிடச் சொல்லி வழியில் யாராவது யோசனை தருவார்கள். வேண்டாம். இந்தச் சாலையில் வரும் மோரே சமவெளியின் புழுதி சிலிண்டரை அரைத்துவிடும்.

6. டைமிங்கைத் தொடாதீர்கள். மெல்லிய காற்றில் கொஞ்சம் அட்வான்ஸ் தாங்கும் என்பது உண்மைதான். கீழே வந்து திருப்பி வைக்க மறந்தால் எஞ்சின் தட்டும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

7. ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் நான் பயப்படுவேன். சின்ன ஜெட்டோடு அடர்ந்த காற்றுக்கு வந்து வேகமெடுத்தால் எஞ்சின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஊசி எந்தப் பள்ளத்தில் இருந்தது, ஸ்க்ரூ எத்தனை சுற்று என்பதைக் கிளம்பும்போதே எழுதி வையுங்கள். பழைய ஜெட் கூடவே வரட்டும். திரும்பும் வழியில் கேலாங் சுமார் 3,100 மீட்டர். 2020-ல் திறந்த அடல் சுரங்கம் வழியாகப் போகிறீர்கள் என்றால் அதற்கப்புறம் பெரிய கணவாய் கிடையாது. கேலாங்கில் தங்கும் இரவே, எஞ்சின் ஆறியதும், எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றிவிடுங்கள். மணாலி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள்.