ஊர் அறநிதியமும் உள்ளூர்ச் சங்கங்களும்

ஈயும் பொருள் அன்றே செலவாகி மறைதலும் உண்டு. நெடுங்காலம் நின்று பயன்படுதலும் உண்டு. பின்னையதை அமைக்கும் முறையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் விடப்பட்டமையைக் கல்வெட்டுக்கள் கூறும். அவற்றை ஏற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறப்பனவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் வளரும், மந்தை குறையாது. இத்தகைய ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ எனக் கல்வெட்டுக்கள் வழங்கும்.

மூலப்பொருளைக் காத்து அதன் வருவாயை வழங்கும் இம்முறையே இக்காலத்து ஊர் அறநிதியத்துக்கும் அடிப்படையாகும். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடெரிக் கொஃப் என்னும் வங்கியாளர் இதனைத் தொடக்கிவைத்தார். இறந்தோர் எழுதிவைத்த தருமங்கள் பல, அவர்கள் குறித்த தேவை ஒழிந்தபின் பயனற்றுக் கிடந்ததை அவர் கண்டார். பலருடைய கொடைகளையும் ஒரு நிதியாக்கி, நகரின் அவ்வக்காலத் தேவைக்கேற்பப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பை ஊரவர் குழுவொன்றிடம் ஒப்படைத்தார். விளக்குக்கென விட்ட பொருள் விளக்குக்கே உரியது. ஊர் நிதியமோ காலத்தோடு நோக்கத்தையும் மாற்ற வல்லது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேற்றுமை.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய முயற்சியாக, 1999இல் கொலையுண்ட சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் அவர்களின் நினைவாக நிறுவப்பட்ட அறக்கட்டளையைக் கூறலாம். உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் வழங்குதல் அதன் பணியாக அமைந்தது.

மானியம் பிச்சையன்று, இரு தரத்தாரும் செய்துகொள்ளும் உடன்பாடு. சங்கம் தன் வேலையையும் செலவுத் திட்டத்தையும் எழுதி விண்ணப்பிக்கும். குழுவினர் நேரிற் சென்று பார்ப்பர். தம் உறவினர் உள்ள சங்கத்தைப் பற்றிய முடிவில் உறுப்பினர் கலந்துகொள்ளலாகாது. பணம் தவணைகளாக வழங்கப்படும். முதற்றவணைக்குக் கணக்குக் காட்டிய பின்னரே அடுத்தது கிடைக்கும். பெரிய கொடையாளர் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படியான பதிவையும் பிறவற்றையும் வேண்டுதல் இயல்பு. மரண உதவிச் சங்கத்துக்கோ சிறு வாசிகசாலைக்கோ அவை பெருஞ்சுமையாகலாம். அவற்றின் தகுதியை அயலில் வாழ்வோரே அறிவர். ஊர் நிதியத்தின் சிறப்பு இதுவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆடு குட்டி ஈன்று தன் தொகையைக் காக்கும், ரூபாவோ மூப்படையும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆயிற்று. எனவே வட்டி முழுவதையும் செலவிடுதல் முதலையே தின்பதாகும். பத்து இலட்சம் ரூபாவுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வட்டி கிடைப்பின் 80,000 ரூபா வரும். அதில் 30,000 முதலோடு சேர, எஞ்சிய 50,000 இரண்டு சிறு சங்கங்களுக்கு உதவும். முதல் வளராத ஆண்டில் மானியத்தைக் குறைத்தலே நேர்மை. புதிய கொடையும் ஆண்டுதோறும் வந்து சேரல் வேண்டும்.

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே அமைந்த கெலிஓயாவையே எடுத்துக்கொள்வோம். சிங்களவரும் முசுலிம்களும் தமிழரும் கலந்து வாழும் ஊர் அது. தேயிலைத் தோட்டங்களும் அயலில் உள. அங்கு ஒரு நிதியம் அமையின், அதன் குழுவில் அம்மூவினத்தாரும் தோட்டத்தாரும் பெண்களும் இடம்பெறுதல் வேண்டும். மும்மொழியிலும் கணக்கை வெளியிடுதலும் இன்றியமையாதது. ஒரு சாராரின் பணப்பெட்டியாகத் தோன்றும் நிதியத்தை ஏனையோர் நம்பார். நம்பிக்கையற்ற இடத்திற் கொடையும் வற்றிப்போகும்.

விழாக் காலத்தில் மண்டபமும் வளைவும் எழுப்புதல் எளிது. அவற்றுடன் ஒரு சிறு மூலநிதியையும் வைத்து, அதனை வழங்கும் விதிகளையும் நாம் இன்றே எழுதுவோமாயின், நாம் அறியாத ஒரு தேவைக்கு நாம் காணாத தலைமுறையினர் அதனைப் பயன்கொள்வர். பழைய மாணவர் சங்கம் இதனை எண்ணிப் பார்க்குமாக.