ஓநாய் யார்?

1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் 'மாஃபியா' என்னும் ஆட்டத்தை உருவாக்கினார். 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதற்கு ஓநாய் மனிதர் கதையைப் போர்த்தினார். விடுதியில் இதனை நடத்த விரும்பும் தோழர்களுக்குச் சில குறிப்புகள்.

நடுவர் ஒருவர், ஆடுவோர் ஒன்பதின்மர். இருவர் ஓநாய்கள், எழுவர் ஊரார் எனச் சீட்டுக் குலுக்கி மறைவாகப் பிரிக்க வேண்டும். இரவில் எல்லோரும் கண்மூட, ஓநாய்கள் மட்டும் விழித்து ஒருவரைக் கொல்லும். பகலில் அனைவரும் வாதிட்டு, வாக்களித்து ஒருவரை நீக்குவர். மாண்டவர் பேசலாகாது. ஓநாய்கள் இரண்டும் பிடிபட்டால் ஊர் வெல்லும். எண்ணிக்கை சமமானால் ஓநாய் வெல்லும்.

இரண்டு தீர்ப்புகளிலும் ஊராரே பலியானால், மூன்றாம் இரவில் எஞ்சும் ஊரார் இருவரே, ஆட்டம் முடிந்தது! எனவே வாக்கெடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் காரணம் கேளுங்கள். பேசாதிருந்தான் என்பது குற்றமன்று. உரத்த குரலுக்கு அஞ்சி நிரபராதியை நீக்கும் ஊர், ஓநாயின் வேலையைத் தானே செய்கிறது.