பல்லும் சொல்லும்: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கிளீனிங் செய்தால் பல் ஆடும், நடுவே சந்து விழும் என்கிறார்களே?
– வாசகர், கரூர்

ஆடும் பல்லைத்தான் கிளீனிங் காட்டிக்கொடுக்கிறது. வருடக்கணக்கில் படிந்த பற்காரை ஈறை வீங்க வைத்து, அடியில் இருக்கும் எலும்பைக் கரைத்துவிடுகிறது. விழப்போகும் சுவருக்கு முட்டுக் கொடுத்ததுபோல அந்தக் காரையே பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் பழி டாக்டர் மேல்! சந்தும் காரை அடைத்திருந்த இடம்தான். கூச்சம் சில நாட்களில் அடங்கும்.

பிரஷ்: ஹார்டா, மீடியமா, சாஃப்டா?
– வாசகர், தஞ்சாவூர்

சாஃப்ட். பாத்திரம் தேய்க்கிற வேகம் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்த வாரம் அப்பாவை செக்கப்புக்கு அழைத்துப் போகிறேன். சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். வெறும் வயிற்றில் போகவேண்டுமா? ஆஸ்பிரினை நிறுத்தவேண்டுமா?
– வாசகி, நாகர்கோவில்

இரண்டும் வேண்டாம். காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கம்போல டிபன் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வரட்டும். பட்டினியாக வந்த சர்க்கரை நோயாளி என் நாற்காலியில் மயங்கினால், பல்லை மறந்துவிட்டு சர்க்கரைத் தண்ணீர் கரைக்க ஓடவேண்டியிருக்கும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்து அழுத்துவோம், தையல் போடுவோம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் எங்களிடம் அதற்கு மருந்தில்லை. தேவைப்பட்டால் இதய மருத்துவரிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்.

“சிவப்பு மாத்திரை ஒண்ணு, வெள்ளை பாதி” என்று சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த சர்க்கரை ரிப்போர்ட்டையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். இதய வால்வு மாற்றியவர்கள், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர்கள், கர்ப்பிணிகள் வாயைத் திறக்குமுன் அதைச் சொல்லிவிடவேண்டும்.

கிராம்புத் தைலம் வைத்தால் சொத்தைப் பல் வலி நின்றுவிடுகிறதே?
– வாசகர், பழனி

நிற்கும். உள்ளே நரம்பு செத்தாலும் நிற்கும். அப்புறம் ஒருநாள் முகம் வீங்கி, நடுராத்திரியில் டாக்டரைத் தேடுவீர்கள்.

மகளுக்கு ஏழு வயது. கீழ்வரிசையின் கடைசிப் பல்லில் சொத்தை. அடைக்கவேண்டும் என்று பள்ளி முகாமில் சொன்னார்கள். “விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்குச் செலவு?” என்கிறார் மாமியார்.
– வாசகி, விருதுநகர்

விழுந்து முளைக்காது அம்மா! குழந்தையை வெளிச்சத்தில் உட்காரவைத்து, முன்பல் நடுவிலிருந்து பின்பக்கமாக எண்ணுங்கள். பால்பல் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது ஆயுளுக்கும் இருக்கவேண்டிய கடைவாய்ப்பல்.

ஆறு வயதுவாக்கில், எந்தப் பால்பல்லும் விழாமலே அது பின்னால் முளைத்துவிடும். பல் விழவில்லையே, புதுப்பல் எப்படி வரும் என்று வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள். பாதி முளைத்த நிலையில் பிரஷும் எட்டாது. பிஸ்கட் போய் உட்கார இதைவிட வசதியான இடம் கிடையாது. பத்து வயதில் இந்தப் பல்லை இழந்த பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சொத்தை இல்லாதபோதே வந்தால் பள்ளங்களை சீலன்ட் பூசி மூடியிருப்போம். சில நிமிட வேலை, ஊசி கிடையாது.

சரி, ஐந்தாவது பல்தான் என்றே வைத்துக்கொள்வோம். அது விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதுவரை பிள்ளை எதைக்கொண்டு மெல்லும்? முன்கூட்டியே பிடுங்கினால் பின்பல் முன்னால் சாய்ந்து, வரவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு கம்பி கட்டச் செலவழிப்பீர்கள்.

இன்னொன்று. ஏழு வயதுப் பிள்ளையைத் தானாகத் தேய்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் சமையலறைக்குப் போகாதீர்கள். இன்னும் ஒரு வருடமாவது இரவில் பெரியவர்கள் கை தேய்த்துவிடவேண்டும். ஃபுளோரைடு பேஸ்ட் போதும்: மூன்று வயதுக்குள் அரிசியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது பேஸ்ட் விற்பதற்காக. தேய்த்தபின் துப்பினால் போதும், கொப்பளிக்கத் தேவையில்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

பல்லெல்லாம் பழுப்புத் திட்டு. கரித்தூள் வைத்துத் தேய்த்தும் போகவில்லை.
– வாசகர், பென்னாகரம்

போகாது. முதலில் கரியைத் தூக்கி எறியுங்கள். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. உங்கள் தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சிறு வயதில் குடித்த தண்ணீர், ஈறுக்குள் பல் உருவாகும்போதே போட்ட கறை அது. அழுக்கு அல்ல, வெட்கப்படவேண்டாம். திட்டு லேசாக இருந்தால் மேற்பரப்பை மெருகேற்றலாம். ஆழமாக இருந்தால் பல்நிறப் பூச்சில் மறைக்கலாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் போர் தண்ணீர் கொடுக்காமல் ஒகேனக்கல் குடிநீரைக் கொடுங்கள். 2013-ல் அந்தத் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

புகையிலை கிடையாது, வெறும் பாக்குதான் போடுகிறேன். கொஞ்ச நாளாகக் காரம் எரிகிறது, வாய் முழுசாகத் திறக்கவில்லை.
– வாசகர், சென்னை

பாக்கை இன்றே நிறுத்துங்கள். ‘வெறும்’ பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. நீங்கள் சொல்வது கன்னத்தின் உட்சதை நாராக இறுகும் நோய்போலத் தெரிகிறது. இறுகியது முழுதாக இளகாவிட்டாலும், மேலும் போகாமல் தடுக்கமுடியும். பயந்து வீட்டிலேயே உட்காராதீர்கள். இந்த வாரமே அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். எத்தனை பாக்கெட் என்று கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள்.

வலியே இல்லாதபோது செக்கப் எதற்கு?
– வாசகர், ஈரோடு

வலிக்கு முன்னால் வந்தால் அடைப்பு. வலித்தபின் வந்தால் பெரும்பாலும் வேர் சிகிச்சை, அதன்மேல் ஒரு கேப். இரண்டுக்கும் கட்டணம் விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.