வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பதறாமல் வரிசையாகப் பாருங்கள்

 

நம் ஜமாஅத்தில் பல குடும்பங்களின் வருமானம் ஒரு பைக்கை நம்பியே இருக்கிறது. மீன் எடுக்கப் போகிறவர், துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்பவர், உணவு டெலிவரி செய்யும் தம்பி ஆகியோருக்குக் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் அன்றைய கூலி போய்விடுகிறது. பதற்றத்தில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரியும் இறங்கிவிடும். பல நேரங்களில் பழுது மிகச் சிறியது. செலவில்லாததை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் பார்ப்பதே முறை.

1. சுவிட்சும் பெட்ரோலும்: வலது கைப்பிடியில் உள்ள சிவப்பு கில் சுவிட்சைப் பாருங்கள். பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தியிருக்கலாம். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா? சைடு ஸ்டாண்டை எடுத்தாயிற்றா? புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் இன்ஜின் ஓடாது. பிறகு டேங்கைத் திறந்து, வண்டியை அசைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் குழாயை ரிசர்வில் திருப்புங்கள். இருட்டில் தீக்குச்சியோ லைட்டரோ கொண்டு டேங்கைப் பார்க்கவே கூடாது.

2. பேட்டரி: ஹாரன் அடித்துப் பாருங்கள். சத்தம் கம்மினாலோ, செல்ஃபை அழுத்தும்போது 'டிக் டிக்' என்று மட்டும் கேட்டாலோ பேட்டரி பலவீனம். கிக்கர் இருந்தால் உதைத்துக் கிளப்புங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பூப்பு படிந்திருந்தால், சாவியை எடுத்துவிட்டு, துடைத்து இறுக்குங்கள். எந்த விளக்கும் எரியாவிட்டால் ஃப்யூஸைப் பாருங்கள். அதே ஆம்பியர் ஃப்யூஸைத்தான் போட வேண்டும். வெறும் கம்பியைச் சுற்றினால் வயரிங் தீப்பற்றலாம். செல்ஃபை ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அழுத்தாமல், சற்று இடைவெளி விட்டு மீண்டும் முயலுங்கள்.

3. ஸ்பார்க் பிளக்: செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி பிடிக்காவிட்டால் பிளக் மூடி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றினால் அதுவே காரணம் சொல்லும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போயிருக்கிறது. துடைத்து உலர்த்தி மாட்டுங்கள். கார்புரேட்டர் வண்டியில் சோக்கை ஆஃப் செய்து, ஆக்சிலேட்டரை முழுதும் திருகிச் சில முறை உதையுங்கள். பல தடவை உதைத்த பிறகும் பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டரையும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் ஸ்பார்க் சோதனை வேண்டாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

4. மழை, வெள்ளம்: சாதாரண மழையில் நனைந்த வண்டிக்குப் பிளக் மூடியைக் கழற்றித் துடைத்தாலே பெரும்பாலும் போதும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கதை வேறு. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்தில் நின்ற வண்டியைச் சோதித்துப் பார்க்கக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும். தள்ளிக்கொண்டு போய், ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் பார்த்தும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். எதையெல்லாம் பார்த்தீர்கள், என்ன சத்தம் வந்தது என்று சொன்னால் அவர் வேலையும் உங்கள் செலவும் குறையும். மெக்கானிக் சகோதரர்களே! மாற்றிய பழைய சாமானை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். அமானிதம் பேணும் தொழிலில் பரக்கத் உண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இரவில் படுக்கப் போகுமுன் பெட்ரோலையும் ஹாரனையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நம் காலத்துக்கு அதே பாடம்தான். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இவற்றைத் தெரிந்துகொள்ளட்டும். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால், கில் சுவிட்சைக் கவனித்த ஒருவரால் ஓர் உயிருக்கு நேரம் மிச்சமாகலாம், இன்ஷா அல்லாஹ்.